கைமாத்தா வாங்கின பாய்லர்: ஸ்டீம் எஞ்சின்கள் குளிர்காலத்துல பார்ட்ஸ் மாத்திக்கிற கதை

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடல்ல ஐல் ஆஃப் மேன்னு ஒரு தீவு இருக்கு, அங்க 1873-ல ஓட ஆரம்பிச்ச ஒரு சின்ன ரயில்வே இன்னிக்கும் நீராவி எஞ்சின் வெச்சுத்தான் ஓடிட்டு இருக்கு. 1998-ல அதுக்கு 125 வயசு. அந்த வருஷம், தீவுக்கு முதன்முதலா வந்த எஞ்சின்கள்ல ஒண்ணான ஒண்ணாம் நம்பர் சதர்லாந்தையே மறுபடி ஓட வெச்சாங்க. 1960-கள்லயே ஓய்வுக்குப் போன எஞ்சின் அது, ஓடுற நிலைமையில அதுக்கு பாய்லரே கிடையாது. அப்புறம் எப்படி ஓடுச்சுன்னா, எட்டாம் நம்பர் எஞ்சின் ஃபெனெல்லாவோட பாய்லரைக் கழட்டி சதர்லாந்து மேல ஏத்திட்டாங்க. சும்மா நின்னுட்டு இருந்த கிழவி முப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு புகை விட்டுக்கிட்டு கிளம்புச்சு, கொஞ்ச வருஷம் ஓடுச்சு, அப்புறம் அந்த பாய்லர் ஃபெனெல்லாவுக்கே திரும்பிப் போயிடுச்சு.

நம்ம ஊர்ல இதுக்குப் பேரு கைமாத்து. வட்டி இல்ல, பத்திரம் இல்ல, இன்னிக்கு நீ குடு நாளைக்கு நான் தரேன். ஸ்டீம் எஞ்சின் உலகத்துல இந்தக் கைமாத்து தினசரி நடக்குற விஷயம், அதுவும் குளிர்காலத்துல ரொம்ப அதிகம். இதை முதல்தடவை படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் ஏமாத்தமா இருந்துச்சு, பேரு வெச்சுப் பொட்டு வெச்சு நிக்குற எஞ்சின்ல பாதி இன்னொண்ணோடதான்னு. அப்புறம் உள்ள போய்ப் படிக்கப் படிக்க, இந்த எஞ்சின்கள் நூத்தம்பது வருஷம் தாங்குறதே இப்படி மாத்திக்கிறதாலதான்னு புரிஞ்சுது. அதைத்தான் ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லப் பாக்குறேன்.

முதல்ல எஞ்சினைப் பிரிச்சுப் பாத்துடலாம். வெளிய இருந்து பாத்தா ஒரே இரும்பு மலை மாதிரி தெரியும், ஆனா அது மூணு நாலு பெரிய உருப்படியை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்சதுதான். அடியில ஃபிரேம், அதாவது ரெண்டு பக்கமும் நீளமா நிக்குற தடிமனான இரும்புத் தகடுகள், அதை எஞ்சினோட முதுகெலும்புன்னு வெச்சுக்கலாம். அந்த ஃபிரேமுக்குக் கீழ சக்கரங்கள். முன்னாடி சிலிண்டர், அதுக்குள்ள பிஸ்டன், பிஸ்டன்ல இருந்து சக்கரத்துக்கு நீளமான ராடுங்க, ரயில் ஓடும்போது கை வீசி நடக்குற மாதிரி ஆடுமே அதுதான். எல்லாத்துக்கும் மேல படுத்துக்கிடக்குற பெரிய உருளை பாய்லர். பெரிய எஞ்சினா இருந்தா பின்னாடி நிலக்கரியும் தண்ணியும் வெக்குற டெண்டர்னு தனி வண்டி. இதுல ஒவ்வொண்ணையும் தனித்தனியா கழட்டலாம், கழட்டணும்னுதான் வடிவமைச்சிருக்காங்க.

பாய்லர்னா என்னன்னு வீட்டு குக்கர் வெச்சே புரிஞ்சுக்கலாம். நம்ம குக்கர் விசில் அடிக்கிறப்ப உள்ள அழுத்தம் கிட்டத்தட்ட 15 பிஎஸ்ஐ (பிஎஸ்ஐங்கிறது அழுத்தத்தை அளக்குற அலகு). இங்கிலாந்துல கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயோட நல்ல பெரிய எஞ்சின் ஒண்ணுல 225 பிஎஸ்ஐ, அதாவது பதினஞ்சு குக்கர் சேர்ந்து அழுத்துற அழுத்தம், அதுவும் ஒரு லாரி நீளத்துக்கு. உள்ள நெருப்பு எரியுற பெட்டி ஒண்ணு (பல பழைய எஞ்சின்கள்ல இது செம்புல செஞ்சது), அங்க இருந்து நூத்துக்கும் மேல குழாய்கள் பாய்லர் நீளத்துக்கும் ஓடும், அந்தக் குழாய் வழியா நெருப்பும் புகையும் போகும், குழாயைச் சுத்தி தண்ணி. தினமும் சூடாகி சூடாகி ஆறுறதால இரும்பு விரிஞ்சு சுருங்கிட்டே இருக்கும், தண்ணியில இருக்குற உப்பு படிஞ்சு செதிலாகும், குழாய் தேயும். குக்கர்ல கேஸ்கட் போயிட்டா கொஞ்சக் காசுக்கு வேற வாங்கிப் போட்டுடலாம், இங்க அந்த மாதிரி விளையாட முடியாது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். எஞ்சினுக்குன்னு ஒரே ஒரு வயசு கிடையாது, ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி கடிகாரம் ஓடிட்டு இருக்கு. பிரிட்டன்ல பாரம்பரிய ரயில்வேக்கள்ல (அதாவது பழைய லைனை ஆர்வலர்கள் காப்பாத்தி, பெரும்பாலும் வாலண்டியர்கள் வெச்சு ஓட்டுற ரயில்வே) பாய்லருக்கு வழக்கமா பத்து வருஷக் கணக்கு. பாய்லர் டிக்கெட்னு சொல்லுவாங்க. முழுசா பிரிச்சு ஓவர்ஹால் பண்ணி, தண்ணி நிரப்பி, ஓடும்போது இருக்குற அழுத்தத்தைப் போல ஒண்ணரை மடங்கு அழுத்தி டெஸ்ட் பண்ணி, அப்புறம் நெருப்பு மூட்டி நீராவியில டெஸ்ட் பண்ணி பாஸானா டிக்கெட். பத்து வருஷம் முடிஞ்சா எவ்வளவு நல்லா ஓடினாலும் நிறுத்தியாகணும். அதுக்கு நடுவுல வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் வந்து குளிர்ந்த நிலையில உள்ள புகுந்து பாப்பார், அப்புறம் நீராவி ஏத்திப் பாப்பார். ஆனா சக்கரத்தோட கடிகாரம் வேற, அது எத்தனை மைல் ஓடிச்சுங்கிறதைப் பொறுத்தது. பிஸ்டன் ரிங் வேற. சக்கர அச்சு உக்காருற ஆக்சில்பாக்ஸ்ல ஒயிட் மெட்டல்னு மிருதுவான உலோகம் ஊத்தியிருப்பாங்க, அது தேயுற வேகம் வேற. டெண்டர்ல தண்ணித் தொட்டி துருப்பிடிக்கிற வேகம் இன்னும் வேற.

இந்தக் கடிகாரமெல்லாம் ஒரே நாள்ல மணி அடிச்சா பிரச்சனையே இல்ல, ஆனா அப்படி அடிக்காதே. ஒரு எஞ்சினுக்கு பாய்லர் டிக்கெட் முடிஞ்சிருச்சு, ஆனா சக்கரமும் ராடும் புதுசு மாதிரி இருக்கு. பக்கத்துல நிக்குறதுக்கு பாய்லர்ல இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு, ஆனா சக்கரம் தேஞ்சுபோய் லேத்துக்குப் போகணும். ரெண்டும் ஒரே மாடலா இருந்தா ஷெட்ல இருக்குற ஃபிட்டர் என்ன யோசிப்பார்? நம்ம ஊர் சைக்கிள் கடைக்காரர் என்ன யோசிப்பாரோ அதையேதான். ரெண்டு ஓடாத வண்டியில இருந்து ஓடுற வண்டி ஒண்ணு.

சரி, இதெல்லாம் ஏன் குளிர்காலத்துல? அங்க டூரிஸ்ட் சீசன் வசந்தத்துல இருந்து இலையுதிர் காலம் வரைக்கும்தான், டிசம்பர்ல கிறிஸ்துமஸ் தாத்தா ஸ்பெஷல் ரயில் கொஞ்சம் ஓடும், அப்புறம் ஜனவரி பிப்ரவரியில பல லைன்ல ரயிலே கிடையாது. தண்டவாளத்தைக் கழட்டி மாத்துறதும் அப்பத்தான், எஞ்சினைப் பிரிக்கிறதும் அப்பத்தான். அது மட்டுமில்லாம குளிரே ஒரு எதிரி, தண்ணி உறைஞ்சா விரியும், ஏதாவது பித்தளை சாமான்லயோ குழாயிலயோ கொஞ்சம் தண்ணி தங்கியிருந்தா ராத்திரி உறைஞ்சு பித்தளையையே பிளந்துடும். அதனால சீசன் முடிஞ்ச உடனே எல்லாத் தண்ணியையும் வடிச்சுடுவாங்க. பாய்லரும் காலி, நெருப்பும் இல்ல, இரும்பு முழுசா ஆறிக்கிடக்கு, இதை விட்டா பிரிக்கிறதுக்கு நல்ல நேரம் எது? ஒரு பெரிய எஞ்சினை ராத்திரி நெருப்பு அணைச்சுட்டு காலையில கை வெக்க முடியாது, முழுசா ஆறவே ஒண்ணு ரெண்டு நாள் ஆகும்.

ஆனா இந்த நேரம் ரொம்பக் கம்மி, அதை மனசுல வெச்சுக்கணும். மார்ச் கடைசியிலயோ ஏப்ரல்லயோ ஈஸ்டர் வந்துடும், டிக்கெட் வித்திருப்பாங்க, ரயில் ஓடியே ஆகணும். அந்த ரெண்டு மூணு மாசத்துக்குள்ள பழைய பாகத்தை ரிப்பேர் பண்ணி முடிக்க முடியலேன்னா வேற பாகம் போட்டுத்தான் ஆகணும். பாகம் மாத்துறதுக்குப் பின்னாடி இருக்குற உண்மையான காரணம் இந்த அவசரம்தான்.

குளிர்காலத்துல அடிக்கடி இடம் மாறுறது பெரிய பாய்லரெல்லாம் இல்ல, சின்னச் சின்ன சாமான்தான். இன்ஜெக்டர்னு ஒண்ணு இருக்கு, பாய்லருக்குள்ள தண்ணியைத் தள்ளுற பித்தளை சாதனம், பம்ப் மாதிரி ஆடுற பாகம் எதுவும் இல்லாம நீராவியோட வேகத்தை வெச்சே தண்ணியை உள்ள அனுப்பும். அதுக்குள்ள இருக்குற கூம்புகள்ல உப்பு படிஞ்சா மக்கர் பண்ணும். கழட்டிச் சுத்தம் பண்ணி டெஸ்ட் பண்ண நேரமாகும், அதனால ஷெல்ஃப்ல ஏற்கனவே ரெடியா இருக்குற இன்னொண்ணை மாட்டிட்டு, கழட்டினதை மெதுவா சரி பண்ணி ஷெல்ஃப்ல வெப்பாங்க. அது அடுத்த வருஷம் வேற எஞ்சினுக்குப் போகும். சேஃப்டி வால்வ், பிரஷர் கேஜ், பிரேக்குக்கான எஜெக்டர், எண்ணெய் விடுற லூப்ரிகேட்டர், ஸ்பிரிங் எல்லாமே இப்படித்தான் சுத்திட்டு இருக்கும். பத்து வருஷம் கழிச்சு எந்த கேஜ் முதல்ல எந்த எஞ்சினோடதுன்னு கேட்டா ரெஜிஸ்டரைத்தான் புரட்டணும். புரட்டினா கிடைக்கும், ஏன்னா எந்தப் பாகம் எப்ப எங்க போச்சு, யார் செக் பண்ணாங்கன்னு எழுதி வெக்கிறது பாதுகாப்பு விதியில ஒரு பகுதி. அச்சுல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கான்னு அல்ட்ராசவுண்ட்ல பாப்பாங்க, ஆமா வயித்துக்கு ஸ்கேன் எடுக்குறாங்களே அதே தத்துவம்தான். ஒரு எஞ்சின்ல இருந்து வந்த ராடை இன்னொண்ணுல மாட்டுறதுக்கு முன்னாடி விரிசல் சோதனை இல்லாம மாட்டவே மாட்டாங்க.

இது ஏதோ வயசான எஞ்சினுக்கு வேற வழியில்லாம பண்ற ஒட்டுவேலைன்னு நினைச்சுடாதீங்க. நீராவி எஞ்சின் கொடிகட்டிப் பறந்த காலத்துலயே பெரிய ஒர்க்‌ஷாப்கள் இப்படித்தான் நடந்துச்சு. கணக்கு ரொம்ப சிம்பிள். எஞ்சின் ஓவர்ஹாலுக்கு வந்தா ஃபிரேம், சக்கர வேலை சீக்கிரம் முடிஞ்சுடும், பாய்லர் வேலை மட்டும் ரொம்ப நாள் இழுக்கும். பாய்லருக்காக ஃபிரேம் காத்துக்கிடந்தா எஞ்சின் சம்பாதிக்காம நிக்குது. அதனால எஞ்சின் எண்ணிக்கையை விடக் கொஞ்சம் அதிகமாவே பாய்லர் செஞ்சு வெச்சாங்க. உள்ள வர்ற எஞ்சின்ல இருந்து பாய்லரைத் தூக்கி வரிசையில வெச்சுட்டு, ஏற்கனவே ரெடியான வேற பாய்லரை இறக்கி அனுப்பிடுவாங்க. நம்ம கேஸ் சிலிண்டர் மாதிரி நினைச்சுக்கோங்க, காலி சிலிண்டரைக் குடுத்து நிரம்பினதை வாங்குறோம், அதே சிலிண்டர்தான் திரும்ப வரணும்னு யாரும் அடம்பிடிக்கிறதில்ல. அங்க ஒவ்வொரு பாய்லருக்கும் தனி நம்பர், தனி கார்டு. எஞ்சினுக்கு ஒரு ஜாதகம்னா பாய்லருக்கு இன்னொரு ஜாதகம்.

இதை ஒரு கொள்கையாவே மாத்தினவர்னா கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயோட ஜார்ஜ் ஜாக்சன் சர்ச்வார்டைச் சொல்லணும். 1902-ல தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். ஒவ்வொரு எஞ்சின் வகைக்கும் புதுசு புதுசா பாய்லர் வரையாம, சில அளவு பாய்லரை மட்டும் வெச்சுக்கிட்டு அதையே பல வகை எஞ்சின்ல போடுற மாதிரி திட்டம் போட்டார். அவரோட ஒண்ணாம் நம்பர் பாய்லர், அந்தக் கம்பெனியோட ஸ்விண்டன் ஒர்க்‌ஷாப்ல, பயணிகள் ரயில் இழுக்குற செயின்ட் வகைக்கும் பொருந்தும், சரக்கு ரயில் இழுக்குற 2800 வகைக்கும் பொருந்தும், பிற்பாடு வந்த ஹால் வகைக்கும் கிரேஞ்ச் வகைக்கும் கூடப் பொருந்தும். ஒருத்தர் நூறு வருஷத்துக்கு முன்னாடி அளவை ஒழுங்குபடுத்தி வெச்சதோட பலன் இன்னிக்கும் கிடைச்சுட்டு இருக்கு, அது எப்படின்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு முக்கியமான சந்தேகம். ஒரே மாடல்னா எல்லாப் பாகமும் கண்ணை மூடிட்டு மாத்தலாமா? முடியாது, இங்கதான் ஆரம்பத்துல எல்லாரும் தப்பா புரிஞ்சுக்குறாங்க. காகிதத்துல ரெண்டு எஞ்சினும் ஒரே வரைபடம்தான், ஆனா ஓட ஓட ஒவ்வொண்ணும் தன் வழியில தேஞ்சு தனித்தனி ஆளா மாறிடுது. சக்கரத்தை எடுத்துக்கோங்க. ராடால கோத்திருக்குற சக்கரங்கள் எல்லாம் ஒரே விட்டத்துல இருக்கணும், இல்லேன்னா ஒரு சுத்துக்கு ஒண்ணு அதிக தூரமும் இன்னொண்ணு கம்மி தூரமும் போகப் பாக்கும், ராடு அதை விடாது, ஏதாவது ஒண்ணு வழுக்கும், ராடும் புஷ்ஷும் பாடுபடும். வேற எஞ்சின்ல இருந்து ஒரு ஜோடி சக்கரம் கொண்டு வந்தா, அதோட அளவுக்கு மத்த எல்லாத்தையும் லேத்ல கடையணும், சக்கர லேத் எல்லா ரயில்வேகிட்டயும் இருக்காது, லாரியில ஏத்தி வேற ஊருக்கு அனுப்பணும். அச்சோட கழுத்துப் பகுதியும் ஒவ்வொரு தடவை கடையும்போது கொஞ்சம் மெலிஞ்சிருக்கும், அதனால பழைய பேரிங் அதுல லொடலொடன்னு ஆடும், புதுசா ஒயிட் மெட்டல் ஊத்தி அந்த அச்சுக்குன்னே கடைஞ்சு எடுக்கணும்.

இன்னொரு சுவாரசியமான சிக்கல் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரெண்டு சிலிண்டர் எஞ்சின்ல வலது பக்க கிராங்கும் இடது பக்க கிராங்கும் (ராடு சக்கரத்தோட சேர்ற இடம்தான் கிராங்க்) 90 டிகிரி வித்தியாசத்துல இருக்கும், ஒரு பக்கம் பிஸ்டன் முனைக்குப் போய் நின்னாலும் இன்னொரு பக்கம் தள்ளட்டும்னு. ஆனா எந்தப் பக்கம் முன்னாடி போறதுங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலது வலது முன்னாடி, சிலது இடது முன்னாடி. அளவு எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமா பொருந்தினாலும், வலது முந்துற எஞ்சின்ல இடது முந்துற ஒரு ஜோடி சக்கரத்தை நடுவுல போட்டா ராடே கோக்க முடியாது. பாக்குறதுக்கு ரெட்டைப் பிறவி மாதிரி இருக்கும், ஒண்ணு வலதுகை, இன்னொண்ணு இடதுகை.

பாய்லருக்கும் இதே மாதிரி குடும்பச் சண்டை உண்டு. லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயோட பிளாக் ஃபைவ் வகையில 1934-ல இருந்து 1951 வரைக்கும் 842 எஞ்சின் கட்டினாங்க, எல்லாம் ஒரே வகைன்னுதான் பேரு. ஆனா ஆரம்பத்துல வந்த பாய்லர்ல நெருப்புப் பெட்டியோட முன்பக்கத் தகடு செங்குத்தா இருக்கும், பின்னாடி வந்ததுல சாய்வா இருக்கும். அந்தச் சாய்வுக்கு இடம் விட ஃபிரேம்ல குறுக்குத் தாங்கிகளோட இடமும் மாறினதால, இதை அதுல வெக்கணும்னா ஃபிரேம்லயே வேலை பண்ணணும். அப்புறம் சூட்டோட கணக்கு வேற. பாய்லர் சூடானா நீளும், பெரிய பாய்லர் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கூட நீளும். அதனால முன்பக்கம் சிலிண்டர் கிட்ட மட்டும் இறுக்கமா பிடிச்சுட்டு, பின்பக்கம் நகர விட்டுத்தான் உக்கார வெப்பாங்க. பாய்லரை மாத்தினா அந்த நகர்ற தாங்கிகள், நீராவிக் குழாய் சேர்ற இடம், எல்லாத்தையும் மறுபடி அளந்து சரி பண்ணணும். கிரேன்ல தூக்கி வெக்கிற வேலை ஒரு நாள்தான், அதைச் சுத்தி இருக்குற வேலைதான் குளிர்காலம் பூரா சாப்பிடும்.

சிலிண்டரை மட்டும் யாரும் லேசுல தொட மாட்டாங்க. ஃபிரேமோட சேர்க்குற போல்ட்டுங்க ஒவ்வொண்ணும் அந்தந்த ஓட்டைக்குன்னே அளவெடுத்துக் கடைஞ்சது, தையல்காரர் சட்டை தைக்கிற மாதிரி, அடுத்தவர் சட்டை நமக்குச் சேராது.

இந்தத் தொல்லை எல்லாம் இல்லாம மாத்துறதுக்குன்னே பொறந்த மாதிரி ஒரு எஞ்சின் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். வேல்ஸ் மலையில ஃபெஸ்டினியாக் ரயில்வேன்னு 1836-ல திறந்த குறுகிய லைன், தண்டவாளத்துக்கு நடுவுல ரெண்டு அடி கூட இடைவெளி கிடையாது. அங்க ஓடுற டபுள் ஃபேர்லி எஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் தலை, நடுவுல நெருப்புப் பெட்டி, ஒரு பக்கம் டிரைவர் இன்னொரு பக்கம் ஃபயர்மேன் நிப்பாங்க. முக்கியமான விஷயம் என்னன்னா சக்கரமும் சிலிண்டரும் ஃபிரேம்ல பொருத்தாம, முன்னாடி ஒரு போகி பின்னாடி ஒரு போகின்னு தனித்தனி வண்டியா இருக்கும், வளைவுல திரும்பட்டும்னு ராபர்ட் ஃபேர்லி பண்ணின ஏற்பாடு அது. திரும்பறதுக்காகப் பண்ணினது கழட்டறதுக்கும் சௌகரியமாப் போச்சு. போகி தேஞ்சா எஞ்சின் மேல்பாகத்தைத் தூக்கி, பழைய போகியை வெளிய உருட்டிட்டு ரெடியா இருக்குற போகியை உள்ள தள்ளிடலாம். அந்த ரயில்வேயோட பாஸ்டன் லாட்ஜ் ஒர்க்‌ஷாப்ல இப்படி போகிகள் எஞ்சினுக்கு எஞ்சின் மாறிட்டே இருந்திருக்கு. பேரு கூட மாறியிருக்கு, 1886-ல லிவிங்ஸ்டன் தாம்சன்னு கட்டின எஞ்சின் அப்புறம் தாலியேசின் ஆச்சு, அப்புறம் ஏர்ல் ஆஃப் மெரியோனெத் ஆச்சு, அது ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பேர் 1979-ல கட்டின புது எஞ்சினுக்குப் போச்சு, கிழவர் தன் பழைய பேரோட மியூசியத்துக்குப் போயிட்டார்.

திரும்ப ஐல் ஆஃப் மேனுக்கு வந்தா, ஃபெனெல்லாவோட பாய்லர் சதர்லாந்துக்கு ஏன் பொருந்துச்சுங்கிறது இப்ப புரியும். அந்த ரயில்வேல மொத்தம் 16 நீராவி எஞ்சின், அதுல 15 மான்செஸ்டர்ல இருந்த பேயர் பீக்காக் கம்பெனி செஞ்சது, ஒரே அச்சுல வார்த்த மாதிரி, முன்னாடி ரெண்டு சின்னச் சக்கரம், பின்னாடி நாலு பெரிய சக்கரம். சதர்லாந்து 1873, ஃபெனெல்லா 1894, நடுவுல 21 வருஷம். இத்தனை வருஷம் ஒரே கம்பெனிகிட்ட ஒரே மாதிரி வாங்கினதுக்குப் பலன் என்னன்னா ஷெட்டே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கு ஆயிடுச்சு. ஓடாம நின்ன எஞ்சின்கள் ஓடுறதுக்குப் பாகம் குடுத்துக் குடுத்தே கரைஞ்சு போயிருக்கு. இதுல ஒரு வருத்தமும் இருக்கத்தான் செய்யுது. குடுத்த எஞ்சின் திரும்ப வராமலே போயிடலாம், தீவோட தலைநகர் டக்ளஸ்ல இருக்குற ஷெட்லயும் சில நம்பர்கள் அப்படித்தான் இன்னிக்கு முழு எஞ்சினா இல்லாம போச்சு.

சர்ச்வார்டோட பலன்னு சொன்னேன்ல, அது இதுதான். வேல்ஸ்ல பேரின்னு ஒரு துறைமுக ஊர், அங்க வுட்ஹாம் பிரதர்ஸ்னு ஒரு காயலான் கடை. 1960-கள்ல நூத்துக்கணக்கான நீராவி எஞ்சின் அங்க உடைக்கிறதுக்கு வந்துச்சு, ஆனா கடைக்காரங்க முதல்ல சரக்கு வேகன் உடைக்கிற வேலையில மும்முரமா இருந்ததால எஞ்சின்கள் கடல்காத்துல நின்னுட்டே இருந்துச்சு, அந்த இடைவெளியில ஆர்வலர்கள் காசு சேத்து 213 எஞ்சினை மீட்டுட்டாங்க. மீட்டதுல எல்லாமே முழுசா ஓட்டிப்பாக்க முடியல, சிலது எலும்புக்கூடுதான். அப்படி மிஞ்சினதுல ஒண்ணு வில்லிங்டன் ஹால், நம்பர் 7927. அதோட பாய்லர் ஒண்ணாம் நம்பர் வகை, அதனால கிரேஞ்ச் வகைக்குப் பொருந்தும், கிரேஞ்ச் வகையில ஒண்ணு கூட உயிரோட இல்ல, எல்லாமே அழிஞ்சுடுச்சு. அந்த பாய்லரை வெச்சு 6880 பெட்டன் கிரேஞ்ச்னு ஒண்ணைப் புதுசா கட்டி 2024-ல ஓட வெச்சுட்டாங்க. வில்லிங்டன் ஹாலோட ஃபிரேம் வேற இடத்துக்குப் போச்சு, இங்கிலாந்துல டிட்காட்ங்கிற ஊர்ல இருக்குற ரயில்வே சென்டர்ல 1014 கவுண்டி ஆஃப் கிளாமோர்கன்னு அழிஞ்சுபோன இன்னொரு வகையை மீட்டுக் கட்டுறாங்க, அதுக்கு. அந்த கவுண்டிக்கு பாய்லர் எங்க இருந்து வருது தெரியுமா, பேரியில நின்ன இன்னொரு எஞ்சின், வேற கம்பெனி வடிவமைச்ச 8எஃப் வகை 48518-ல இருந்து. வேற கம்பெனி பாய்லர் எப்படி ஒத்துவரும்னா, உலகப் போர் காலத்துல ஸ்விண்டன்லயே 8எஃப் எஞ்சின்களைக் கட்டிக் குடுத்தாங்க, அந்த அனுபவத்துல அந்த பாய்லரை அடிப்படையா வெச்சுத்தான் கவுண்டியோட பாய்லரையே வரைஞ்சாங்க.

டிட்காட்ல இதை விட அழகா ஒண்ணு பண்ணாங்க. 1924-ல செயின்ட் மார்ட்டின்ங்கிற செயின்ட் வகை எஞ்சினை மாத்திக் கட்டித்தான் முதல் ஹால் எஞ்சினே பொறந்துச்சு. அப்புறம் செயின்ட் வகை மொத்தமும் அழிஞ்சுபோச்சு. டிட்காட் ஆளுங்க மெய்ண்டி ஹால்ங்கிற எஞ்சினைத் தலைகீழா மாத்தி, மகனை வெச்சு அப்பாவை உருவாக்குற மாதிரி, 2999 லேடி ஆஃப் லெஜெண்ட்னு ஒரு செயின்ட்டைக் கட்டி 2019-ல ஓட வெச்சாங்க. ஒரு அசல் எஞ்சினைக் கலைச்சு இன்னொண்ணு பண்றது சரியான்னு அங்க இன்னும் காரசாரமா பேசிக்கிறாங்க. என் மனசுல பட்டதைச் சொல்றேன், ஹால் வகையில வேற எஞ்சின்கள் ஓடிட்டு இருக்கு, செயின்ட்ல ஒண்ணு கூட இல்ல, அதனால இது நல்ல காரியம்தான்னு நினைக்கிறேன். ஆனா ஒரு வகையில கடைசியா மிஞ்சின எஞ்சின்ல கை வெச்சா நான் ஒத்துக்கவே மாட்டேன்.

அப்ப எந்தப் பாகத்தை வெச்சு ஒரு எஞ்சினை இதுதான்னு அடையாளம் சொல்றது? பொதுவா ஃபிரேம்னு சொல்லுவாங்க, நம்ம வண்டிக்கு சேசிஸ் நம்பர் மாதிரி. ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் பல வருஷம் ஏ4ங்கிற வேற வகைக்குச் செஞ்ச பாய்லரோட ஓடுச்சு, 2016-ல திரும்ப வந்தப்ப அதோட சொந்த வகையான ஏ3 பாய்லரோட வந்துச்சு, ரெண்டு காலத்துலயும் அதை ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்னுதான் எல்லாரும் கூப்பிட்டாங்க. ஆனா ஃபிரேமையும் தாண்டின ஒரு மாத்தல் நடந்திருக்கு. 1952 பிப்ரவரியில ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்தப்ப, இறுதி ஊர்வல ரயிலை விண்ட்சருக்கு இழுத்துட்டுப் போக, அந்த ஊர்க் கோட்டையோட பேரையே வெச்ச விண்ட்சர் காசில்ங்கிற எஞ்சின்தான் பொருத்தம்னு நினைச்சாங்க, நம்பர் 4082, 1924-ல கட்டினது. அது அந்த நேரம் பாத்து ஸ்விண்டன்ல ஓவர்ஹால்ல கிடந்துச்சு. பாய்லரும் மாத்தல, சக்கரமும் மாத்தல, 7013 பிரிஸ்டல் காசில்ங்கிற எஞ்சினோட பேர்ப் பலகையையும் நம்பர் பலகையையும் மட்டும் கழட்டிட்டு விண்ட்சர் காசிலோடதை மாட்டி அனுப்பிட்டாங்க. பிரிஸ்டல் காசில் 1948-ல கட்டினது, 24 வருஷம் சின்னது, விவரம் தெரிஞ்சவங்க பாத்த உடனே கண்டுபிடிச்சிருப்பாங்க. அந்தப் பலகைகளை மறுபடி மாத்தவே இல்ல, ரெண்டு எஞ்சினும் கடைசிவரைக்கும் அடுத்ததோட பேர்லயே ஓடி முடிச்சுது.

எப்பவாவது ஒரு நீராவி எஞ்சின் பக்கத்துல நிக்க வாய்ப்புக் கிடைச்சா, பேர்ப் பலகையைப் படம் எடுத்த கையோட கீழ குனிஞ்சு ராடோட முனையைப் பாருங்க. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சா இரும்புல நம்பர் குத்தியிருக்கும். பல எஞ்சின்ல அந்த நம்பர் மேல இருக்குற நம்பரோட ஒத்துப்போகாது, அங்க நிக்குற ஃபிட்டர்கிட்ட கேட்டீங்கன்னா அந்த ராடு எந்த எஞ்சின்ல இருந்து வந்துச்சுன்னு உக்காந்து கதை சொல்லுவார்.